ஓடுபாதையின் சாவி யாரிடம்?

கோவாவின் டபோலிம் விமான நிலையத்தில் முனையக் கட்டிடம் இந்திய விமான நிலைய ஆணையத்துடையது. விமானம் இறங்கும் ஓடுபாதை கடற்படையுடையது. ‘இறங்கலாம்’ என்று விமானிக்கு அனுமதி தரும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் கடற்படையுடையதுதான். சுமார் 1,700 ஏக்கர் வளாகத்தில் பயணிகளுக்குக் கிடைத்தது ஒரு மூலை. வீட்டுக்காரர் தயவில் திண்ணையில் கடை போட்டவர் நிலைமை.

கடைக்காரர் எப்போது கடை திறக்கலாம் என்பதையும் வீட்டுக்காரர்தான் சொன்னார். பல்லாண்டுகளாக, வார நாட்களில் காலை எட்டரை மணியிலிருந்து ஏறக்குறைய நண்பகல் வரை கடற்படை விமானிகளின் பயிற்சி நேரம். பயணிகள் விமானங்களுக்கு இடமில்லை. எண்பதுகளின் நடுவிலிருந்து ஐரோப்பியச் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்துகொண்டு சார்ட்டர் விமானங்கள் வரத் தொடங்கிய பிறகு, மிச்சமிருந்த நேரத்துக்குள் எல்லாரும் முண்டியடிக்க வேண்டியதாயிற்று. நேரத்தைக் கூட்டிக் கேட்டால் ‘நாட்டின் பாதுகாப்பு’ என்ற சொல் குறுக்கே வந்து நிற்கும். அதற்கு மேல் யார் வாதாடுவது?

கோவாக்காரர்கள் வாதாடினார்கள். அவர்கள் கையில் வரலாறு இருந்தது. ஐம்பதுகளில் இந்தியா விதித்த பொருளாதாரத் தடையைச் சமாளிக்கப் போர்த்துகீசிய அரசு கட்டியது டபோலிம். பயணிகள் விமானங்கள் வந்துபோன இடம் அது. 1961 டிசம்பர் 18 அன்று நமது விமானப்படையின் கான்பெரா விமானங்கள் அந்த ஓடுபாதையில் குண்டு வீசின. மறுஆண்டு ஏப்ரலில் கடற்படை அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ‘எங்கள் விமான நிலையத்தில் நீங்கள்தான் விருந்தாளி’ என்பது கோவாவின் கட்சி.

நம்மவர்களில் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி: அங்குள்ள ஐ.என்.எஸ். ஹன்சா தளம் பிறந்தது கோவாவில் அல்ல, கோவைக்குப் பக்கத்தில் சூலூரில். 1961 செப்டம்பரில் அங்கே தொடங்கப்பட்டு, 1964 ஜூனில் டபோலிமுக்குக் குடிபெயர்ந்தது. ஒருமுறை பெயர்ந்த தளம் மறுமுறை பெயரக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். கர்நாடகத்தின் கார்வார் பக்கம் கடற்படை போய்விடட்டும் என்று பேச்சும் எழுந்தது.

ஆனால், இன்றைய ஹன்சா அன்றைய ஹன்சா இல்லை. விமானந்தாங்கிக் கப்பலின் குட்டையான தளத்திலிருந்து எழும்பவும், கம்பியில் கொக்கியை மாட்டி இறங்கவும் விமானிகள் தரையில்தான் முதலில் பழக வேண்டும். அதற்கான வளைமேடை டபோலிமில் கட்டப்பட்டிருக்கிறது. 2014 டிசம்பரில் கடற்படைக்கான தேஜஸ் அந்த மேடையிலிருந்து முதன்முதலாக எழும்பியது. 2019 செப்டம்பரில் கம்பியைப் பிடித்து இறங்கியது. மிக்-29கே போர் விமானங்களின் வீடும் அதுவே. இதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பு என்பது ஆகிற காரியமில்லை. ஆகவே, கடற்படை வெளியேற வேண்டும் என்ற கோரிக்கையோடு எனக்கு உடன்பாடில்லை.

என் குறை வேறு. நேரத்தைத் தீர்மானிப்பவருக்கு அதனால் வரும் நஷ்டம் தெரிவதில்லை. நஷ்டப்படுபவருக்குத் தீர்மானத்தில் கை இல்லை. ஓடுபாதை ஒன்றே என்பதால் ஒருவரின் விபத்து மற்றவரையும் முடக்குகிறது. 2016 டிசம்பர் 27 அதிகாலை ஜெட் ஏர்வேஸ் விமானம் சறுக்கி ஓடுபாதையை விட்டு விலகியபோதும், 2019 ஜூன் 8 அன்று மிக்-29கே விமானத்தின் எரிபொருள் கலன் கழன்று விழுந்து தீப்பிடித்தபோதும் பாதை மூடப்பட்டது. இவ்வளவு நெருக்கமாகப் பிணைந்த இருவருக்கு நடுவே, இருவரையும் சமமாக உட்காரவைத்துத் தீர்ப்புச் சொல்ல ஒரு மூன்றாம் நபர் இல்லை.

அரசு கண்ட தீர்வு தனிக்குடித்தனம். கோவாவின் வடக்கில் உள்ள மோப்பாவில் இன்னொரு விமான நிலையம் கட்டி, 2023 ஜனவரியில் சேவையைத் தொடங்கினார்கள். இடையில் சுற்றுச்சூழல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இப்போது, மோப்பா டபோலிமை விழுங்கிவிடுமோ என்று தெற்குக் கோவாவின் டாக்ஸிக்காரர்களும் விடுதிக்காரர்களும் கவலைப்படுகிறார்கள். பேசி முடித்திருக்க வேண்டிய தகராறைக் கான்கிரீட் ஊற்றி மூடியதாகவே இதைப் பார்க்கிறேன். இதேபோல் படைகளின் ஓடுபாதையை நம்பியிருக்கும் ஊர்களிலும், விசாகப்பட்டினத்துக்குப் போகபுரம், புனேவுக்குப் புரந்தர் என்று அதே வழி தொடர்கிறது. புனேயில் 2021 அக்டோபரில் ஓடுபாதையைச் செப்பனிட விமானப்படை இரண்டு வாரம் மூடியபோது, நகரின் பயணிகள் விமானச் சேவையே நின்றது.

எல்லா ஊரிலும் இன்னொன்று கட்ட இடமிருக்காது. அத்தகைய இடங்களுக்காகவாவது, எந்த நேரம் யாருக்கு, மூடினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, தகராறு வந்தால் யார் முடிவுசெய்வது என்பதைச் சட்டத்தில் எழுதிவைக்க நாடாளுமன்றம் முன்வர வேண்டும். போர்ட் பிளேரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழர்கள் பலர் வாழும் ஊர், 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய ஊர். அங்கே 2023 ஜூலையில் சிப்பி வடிவில் புதிய முனையம் திறக்கப்பட்டது. ஓடுபாதை இன்றும் கடற்படையிடம்தான் இருக்கிறது.