கதவிலக்கம் பட்டா ஆகாது

2021 செப்டம்பர். செர்பியாவிலிருந்து பிரிந்து தன்னைத் தனி நாடாக அறிவித்துக்கொண்ட கொசோவோவின் வட எல்லையில் யாரின்யே சோதனைச் சாவடி. செர்பியாவிலிருந்து வரும் காரை நிறுத்தித் திருப்புளியால் நம்பர் பிளேட்டைக் கழற்றுகிறார்கள். ஓட்டி வந்தவர் 5 யூரோ கட்டி, 60 நாள் செல்லுபடியாகும் தற்காலிக எண்ணை வாங்கினால்தான் உள்ளே போகலாம். 2008 முதல் கொசோவோ கார்களுக்குச் செர்பியா செய்துவந்ததைத்தான் கொசோவோ தலைநகர் பிரிஸ்டினாவிலிருந்த அரசு திருப்பிச் செய்தது. வடக்கில் வாழும் செர்பியர்கள் லாரிகளைக் குறுக்கே நிறுத்திச் சாலையை மறித்தார்கள். பிரிஸ்டினா சிறப்புப் போலீசை இறக்கியது. எல்லையோரம் செர்பியப் போர் விமானங்கள் பறந்தன. அத்தனையும் ஒரு தகரத் துண்டில் இருந்த சில எழுத்துகளுக்காக.

நாட்டுக் குறியீடு கிடைத்தால் நாடு கிடைத்த மாதிரி, பறிபோனால் மண்ணே பறிபோன மாதிரி என்ற நம்பிக்கை உலகெங்கும் இருக்கிறது. படித்தவர்களும் இதற்கு விலக்கல்ல. இது தவறான நம்பிக்கை. மேடையில் நரம்பு புடைக்க முழங்கும் தலைவர்களுக்கு இதைவிட மலிவான சரக்கு கிடைப்பதில்லை என்பதால், ஆபத்தானதும்கூட.

புறம்போக்கில் கட்டிய வீட்டுக்கும் கதவிலக்கம் உண்டு. தபால்காரர் வருவார், வீட்டு வரிகூட வசூலாகும். அதை வைத்துப் பட்டா கேட்க முடியுமா? நாட்டுக் குறியீடும் அப்படித்தான். சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1974-இல் முதன்முதலாக வெளியிட்ட பட்டியலில் இன்று அண்டார்ட்டிகாவுக்குக் குறியீடு இருக்கிறது. மனிதர் யாரும் குடியிருக்காத, நார்வேக்குச் சொந்தமான பூவே தீவுக்கும் இருக்கிறது. கலைந்து முப்பது ஆண்டுக்கு மேலான சோவியத் ஒன்றியத்தின் இணைய முகவரி இன்னும் உயிரோடு இருக்கிறது. ரஷ்யாவும் கஜகஸ்தானும் தொலைபேசியில் ஒரே +7-ஐப் பகிர்கின்றன. அதனால் கஜகஸ்தானின் இறையாண்மை ஒரு துளியும் குறைந்துவிடவில்லை. இலங்கை 1972-இல் பெயர் மாறியது. ஆனால் வெளிநாட்டுச் சாலையில் ஓடும் இலங்கை வாகனத்துக்கான குறி இன்னும் ‘சிலோன்’ காலத்து சி.எல்.தான்.

இணைய முகவரிகளைப் பங்கிட்ட ஜான் போஸ்டல், எது நாடு, எது நாடல்ல என்று தீர்மானிப்பது தங்கள் வேலையல்ல என்று 1994-லேயே எழுதிவைத்தார். பட்டியலைப் பராமரிப்பவர்களே மறுக்கும் அர்த்தத்தை மேடைப் பேச்சாளர்கள் அதில் ஏற்றுகிறார்கள்.

இதற்குக் கொடுத்த விலை கொசோவோவில் தெரிந்தது. செர்பியாவுடனான போருக்குப் பின் பல ஆண்டுகள் அங்கே லேண்ட்லைனுக்குச் செர்பியாவின் +381. செல்பேசிக்கு, எந்த நிறுவனத்தின் சிம் என்பதைப் பொறுத்து, மொனாக்கோவின் +377 அல்லது ஸ்லோவேனியாவின் +386. பிரிஸ்டினாவில் பக்கத்துத் தெருவில் கடை வைத்திருப்பவரின் எண் மத்தியதரைக் கடலோர எண்ணாக இருந்தது. இரவல் எண்ணுக்கான பணமும் வெளிநாட்டுக்குப் போனது. 2016 டிசம்பரில் +383 வந்தபோது, நாட்டுக்குக் கிடைத்த அங்கீகாரம் என்று பிரிஸ்டினா கொண்டாடியது. செர்பியத் தலைநகர் பெல்கிராடோ, தான் விண்ணப்பித்து ஒரு புவியியல் பகுதிக்கு வாங்கிக் கொடுத்த எண்தான் என்றது. ஒரே மூன்று இலக்கம் இரு தலைநகரங்களிலும் வெற்றியாக விற்கப்பட்டது. ஒழுங்கான எண்ணுக்காக அத்தனை ஆண்டு காத்திருந்தது சாதாரண ஜனம்.

தைவானின் மனக்குறை உண்மையானது என்பதை மறுப்பதற்கில்லை. ஐ.நா. வழக்கைப் பின்பற்றி, சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் பட்டியல் அதைச் ‘சீனாவின் மாகாணம்’ என்கிறது. தைவான் 2007-இல் அந்த அமைப்பின்மேல் சுவிட்சர்லாந்தில் வழக்குப் போட்டது. இது அரசியல் விவகாரம், உரிமையியல் நீதிமன்றம் தீர்க்கக்கூடியதல்ல என்று 2010-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. தங்கள் நாட்டைப் பிறர் இன்னொன்றின் பகுதி என்று எழுதுவது யாருக்கும் வலிக்கும். ஆனால் வழக்கில் தோற்ற மறுநாளும் தைவானின் தேர்தல், ராணுவம், பாஸ்போர்ட் எல்லாம் இருந்தபடியே இருந்தன. ஒரு நாட்டை நாடாக வைத்திருப்பவை அவைதான்.

மாசிடோனியாவுக்கும் கிரேக்கத்துக்கும் இடையிலும் பெயர்ச் சண்டை கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. அந்நாட்டுக் கார்களின் நம்பர் பிளேட்டில் இருந்த எம்.கே. எழுத்தின்மேல் கிரேக்க எல்லையில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். 2018-இல் கையெழுத்தான பிரெஸ்பா ஒப்பந்தம் நாட்டின் பெயரை வட மாசிடோனியா என்று மாற்றியது. எம்.கே. குறியீட்டை அப்படியே விட்டு, கார் எழுத்தை மட்டும் மாற்றச் சொன்னது. ஏதென்ஸில் லட்சக்கணக்கானோரையும் ஸ்கோப்யேயில் ஆயிரக்கணக்கானோரையும் தெருவுக்கு இழுத்த ஆவேசத்தை, எதிர்ப்பைத் தாங்கிக்கொண்ட இரண்டு பிரதமர்களின் அரசுகள் ஒரு ஏரிக்கரையில் காகிதத்தில் முடித்தன.

யாரின்யேயிலும் ஸ்டிக்கர்தான் வழியாயிற்று. 2021 அக்டோபரில், காரை நிறுத்தி, நம்பர் பிளேட்டிலுள்ள அரசுச் சின்னத்தின்மேல் வெள்ளைத் தாளை ஒட்டி அனுப்பினார்கள். 2024 ஜனவரி 1 முதல் செர்பியா அதையும் கைவிட்டு, கொசோவோ நம்பர் பிளேட்டுகளை அப்படியே உள்ளே விட்டது. சில நாளில் கொசோவோவும் அவ்வாறே செய்தது. இது அங்கீகாரம் ஆகாது என்று பெல்கிராட் அப்போதும் சொன்னது. கார்கள் நிற்காமல் போயின.