மாமாவின் கணக்கு நோட்டு

எங்கள் மாமா குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டியவர். பட்டறைக்குள் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. அந்தச் சத்தத்தில் நின்றுகொண்டேதான் கும்மிப் பாட்டுக் கட்டுவார். மாரியம்மன் நோம்பிக்கு ஒன்றிரண்டை ஊரார் பாடினார்கள். மீதியெல்லாம் கணக்கு நோட்டோடு சரி. சில பாட்டுக்கு மேலே 'இன்ன பாட்டின் மெட்டு' என்று குறித்திருக்கிறார், பலவற்றுக்கு அதுவும் இல்லை.

போன மாதம் அவர் பேரன் கீபோர்டில் இரண்டு பாட்டுக்குப் புது மெட்டுப் போட்டான். கேட்ட அத்தைக்குப் பிடிக்கவில்லை. "உங்க அப்பாரு இப்பிடிப் பாட மாட்டாரு கண்ணு" என்று எழுந்து போய்விட்டார்.

நான் பையன் பக்கம். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரி 1967இல் இறந்தபோது, யாரும் பாடாத அவருடைய பாட்டுகள் ஆயிரத்துக்கு மேல் தாளிலேயே கிடந்தன. மெட்டு அவர் மனசோடு போயிற்று. 1990களில் மகள் நோரா அவற்றை இங்கிலாந்துப் பாடகர் பில்லி பிராக்கிடம் கொடுத்தார். அப்பாவைப் போலவே பாடு என்று கேட்கவில்லை, இன்றைக்கு உள்ளவன் இன்றைய மெட்டில் பாடட்டும் என்றார். பிராக்கும் வில்கோ என்ற அமெரிக்கக் குழுவும் சேர்ந்து 1998இல் வெளியிட்ட இசைத்தட்டுக்கு 'மெர்மெய்ட் அவென்யூ' என்று பெயர். கத்ரி குடும்பத்தோடு குடியிருந்த நியூயார்க் தெரு அது. இத்தனைக்கும் கத்ரியே ஊரில் புழங்கிய மெட்டுகளை எடுத்துத் தன் சொல்லை ஏற்றிப் பாடியவர்தான்.

அவ்வளவு தூரம் எதற்கு? பாரதியும் நந்தனார் சரித்திரப் பாட்டின் வர்ண மெட்டில் எழுதியிருக்கிறார். 'கண்ணம்மா - என் குழந்தை' பாட்டின் தலைப்பில் பைரவி ராகம், ரூபக தாளம் என்று அச்சாகியிருக்கிறது. நம் காதில் இருப்பதோ பைரவி அல்ல. அவர் மறைந்து முப்பது வருஷம் கழித்து, 1951இல் 'மணமகள்' படத்துக்காக சி.ஆர். சுப்பராமன் போட்ட ராகமாலிகை. எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடினார்கள். அதன் பிறகு அந்தப் பாட்டை வேறு மெட்டில் நினைக்கவே முடியவில்லை. சுப்பராமன் தப்புச் செய்தார் என்று யாராவது சொல்வார்களா?

ஆனால் ஒன்று உறுத்துகிறது. பாரதி அந்தப் பைரவியை எப்படிப் பாடினார்? ராகத்தின் பெயர் மிஞ்சியது, அவர் குரல் எந்தத் தட்டிலும் இல்லை. மாமாவின் மெட்டு அப்படிப் போய்விடவில்லை. முகம் சுளித்தாரே அத்தை, சுளிக்க வேண்டுமென்றால் பழைய மெட்டு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மெட்டு எழுதாத பாட்டுகளைக்கூட அவர் அடுப்படியில் முணுமுணுத்து நானே கேட்டிருக்கிறேன். வயது எண்பத்தொன்று.

பையனிடம் சொன்னேன், உன் மெட்டு எங்கும் போகாது, முதலில் அத்தை பாடுவதைப் போனில் பிடி என்று. சரி என்றான். ஒரே சிக்கல், அத்தை வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தறிப்பட்டறை. இந்த மாதம் மின்தடை என்று அறிவித்திருக்கும் நாளைக் குறித்து வைத்திருக்கிறோம். முதல் நாள் ராத்திரியே போனுக்குச் சார்ஜ் போட்டுவிட வேண்டும்.