மலைக்கோடரி மலைக்கு மீளட்டும்

சேலத்தினின்று சேர்வராயன் மலையேறுவோர் ஏற்காட்டு ஏரியையும் குளம்பித் தோட்டங்களையும் கண்டு மீள்கின்றனர். அம் மலையூர்களில், மரத்தடிக் கோயில்களில், வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகளை மலைமக்கள் அடுக்கிவைத்துப் பிள்ளையாராக வழிபட்டு வந்தமையை எத்துணைப் பேர் அறிவர்? அவை புதுக்கற்காலத்தார் கைவினை.

அவற்றை அறிஞருலகுக்கு அறிவித்தவருள் தலையாயவர், 1863-இல் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலநூலறிஞர் இராபர்ட்டு புரூசு பூட்டு. அவர்தம் தொகுப்பு 1904-இல் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. 1912-இல் மறைந்த அவர்க்கு ஏற்காட்டுத் திரினிட்டிக் கோயிலில் நினைவுக்கல் உண்டு. அது தக்கதே. நாவலரைத் துணைக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய பெர்சிவலின் மருமகன் அவர். நமக்கு அயலார் அல்லர். ஆயின் கண்டெடுத்தவர்க்குக் கல் நட்ட நாம், காத்து வைத்தவர்க்கு என்ன செய்தோம்?

ஆத்திரேலியக் கடற்கரையைப் பாருங்கள். 1770-இல் பாட்டனி விரிகுடாவில் இறங்கிய சேம்சு குக்கு, தன்னைத் தடுத்த குவீகல் தொல்குடியினரின் ஈட்டிகளை வாரிச் சென்றான். இறங்கிய இடத்தில் 1870-இல் அவனுக்குத் தூண் எழும்பிற்று. மண்ணுக்குரியவர் நினைவு அங்கில்லை. அவர்தம் வாழ்வைக் காட்டும் வெண்கலப் படைப்புகள் 2020-இல்தான் அக் கரையில் இடம்பெற்றன. கேம்பிரிட்சில் எஞ்சிக்கிடந்த நான்கு ஈட்டிகள், 254 ஆண்டுகட்குப் பின், 2024-இல் உரியவரிடமே மீண்டன. கவர்ந்தவனே திருப்பித் தந்துவிட்டான்! சென்னைக்கும் ஏற்காட்டுக்கும் இடையே கடலா கிடக்கிறது?

நம் மலைக்குடியினர் 'மலையாளி' எனப்படுவதால் சேரநாட்டு மலையாளத்தாரென மயங்குவாரும் உளர். மலையை ஆள்பவர் என்பதே அதன் பொருள். அவர் பேசுவது தமிழ். காஞ்சியினின்று வந்தோமென்பது அவர்தம் வழிவழிக் கதை. கோடரி செய்தவரின் வழியினரா அவர் என்பது ஆய்வார்க்குரிய வினா. இத்தனை தலைமுறை அவற்றைப் பேணியவர் அவரே என்பதில் ஐயமில்லை.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் ஆடி 17, 18 நாள்களில் அரசு வல்வில் ஓரி விழா எடுக்கிறது. வள்ளலைப் போற்றுவது நம் கடன். ஆயினும் ஓரிக்கு முன்பே மலையில் மாந்தர் வாழ்ந்தனர் என்பதை அவ்விழாவே சொல்லலாமே! மலைக்கோயில்களில் எஞ்சிய கோடரிகளை ஊரவர் பெயராலேயே பதிந்து, அவ்விடத்திலேயே காத்தல் வேண்டும். சென்னையில் உள்ளவற்றுள் சிலவேனும் ஏற்காட்டுக்கு மீண்டு, மலைமக்கள் பொறுப்பில் ஒரு காட்சிக்கூடத்தில் அமர வேண்டும். அதன் பெயர்ப்பலகையை எழுதுமுன், அக் கற்களை அவர் என்ன சொல்லி அழைக்கின்றனர் என்று அவரையே கேட்டு எழுதுக.