ஓடை தெக்க ஓடுது

அம்மாச்சி தன் ஒண்ணரை ஏக்கரை மாமாவுக்கு எழுதிக் கொடுத்த பத்திரத்தைத் தயாரித்தவர் ஒரு வழக்கறிஞர். போடி மலையடிவாரத்து நிலம். ஏழு வருஷம் கழித்து மாமா கடனுக்குப் போனபோது, புலப்படத்தோடு பொருந்தவில்லை என்று வங்கி திருப்பி அனுப்பிவிட்டது. பத்திரம் எழுதுமிடத்தில் எடுபிடியாக இருக்கும் ஒரு பெரியவர் இரண்டு நிமிஷத்தில் சொன்னார்: "ஓடை தெக்க இல்லய்யா ஓடுது? இதுல வடக்கன்னு போட்டிருக்கே!" அதற்குள் அம்மாச்சி இல்லை. பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். சின்னச் சித்தி மட்டும் போடவில்லை. ஒரு திசை மாறியதில் குடும்பமே பிரிந்தது.

அந்தப் பெரியவர் காசு வாங்கிக்கொண்டு பத்திரம் எழுதினால் விதிமீறல். தமிழ்நாடு ஆவண எழுத்தர் உரிம விதிகள், 1982 அப்படி. உங்கள் பத்திரத்தை நீங்களே எழுதலாம். வழக்கறிஞர் எழுதலாம், அவருக்கு இந்த உரிமம் வேண்டாம். மற்றவர்களுக்கு வேண்டும்.

அரசியல் சாசனத்தின் 14வது பிரிவு ஆட்களை வகை பிரிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. அன்வர் அலி சர்க்கார் வழக்கில் (1952) உச்ச நீதிமன்றம் கேட்டது இரண்டு: பிரிப்பதற்குத் தெளிவான அடிப்படை இருக்கிறதா, அந்த அடிப்படைக்கும் சட்டத்தின் நோக்கத்துக்கும் சம்பந்தம் உண்டா? நீதிமன்றத்தில் வாதாடுவதை 1961 வழக்கறிஞர் சட்டம் வக்கீல்களுக்கே ஒதுக்கியதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் பத்திர விதியின் நோக்கம் தப்பான பத்திரத்திலிருந்து ஜனங்களைக் காப்பது என்றால், ஓடை எந்தப் பக்கம் என்று தெரிந்தவரை வெளியே நிறுத்துவதில் என்ன சம்பந்தம்? சட்டக் கல்லூரியில் ஆவணம் எழுதும் பாடம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். செக்குபந்தி சரிபார்க்க அது போதவில்லை என்பதற்கு எங்கள் வீடே சாட்சி.

2018இல் ஸ்டார் 2.0 வந்தபின் பதிவுத்துறை இணையதளமே மாதிரிப் பத்திரங்களைத் தருகிறது. யாரும் நிரப்பிக்கொள்ளலாமாம். விடியுமுன் ஜீப் ஏறிப் போடிமெட்டு தாண்டி ஏலக்காய் எடுக்கப் போகிற அக்காவுக்கு அதை நிரப்ப நேரமேது? பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பித் தந்து முந்நூறு ரூபாய் வாங்குபவர்தான் குற்றவாளியா?

"அப்போ யார் வேணா எழுதலாமா?" என்பீர்கள். கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ரேகை வாங்கி ஏமாற்றியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. உரிமம் இருக்கட்டும். அதற்கான தேர்வு அனுபவம் உள்ள எவருக்கும் திறந்திருக்கட்டும். கறுப்புக் கோட்டுக்காரரும் அதே தேர்வை எழுதட்டும், பிழைக்கு அதே பொறுப்பை ஏற்கட்டும். (நான் எழுதும் கோடு தினமும் ஊரார் பணத்தைத் தொடுகிறது. எனக்கு எவரும் உரிமம் கேட்டதில்லை.)

போன மாதம் சித்தி சம்மதித்தார். திருத்தல் பத்திரத்தைப் பெரியவர்தான் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். தயாரித்தவர் என்ற இடத்தில் உரிமம் உள்ள வேறொருவர் படித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டார். அவருக்குத்தான் அதிகம் கொடுத்தோம்.