ஆயில் பாட்டிலில் மார்கழி

திருப்பரங்குன்றத்துக் குளிர் எப்படி இருக்கும் தெரியுமா உங்களுக்கு? மார்கழி மாசம் காலை ஐந்தரை மணிக்கு சன்னதித் தெருப் பக்கம் வந்து பாருங்கள். டீக்கடை பாய்லரைச் சுற்றி நாலு பேர் குரங்குக் குல்லா, மஃப்ளர் சகிதம் நின்றுகொண்டு 'என்னா பனி, என்னா பனி' என்று பல்லைக் கிட்டிப்பார்கள். தெர்மாமீட்டர் வைத்தால் 21 டிகிரி. லண்டன்காரனுக்கு 21 டிகிரி கிடைத்தால் சட்டையைக் கழற்றிவிட்டு பார்க்கில் குப்புறப் படுத்துவிடுவான்.

இப்பேர்ப்பட்ட ஊரில் விற்கிற எஞ்சின் ஆயில் பாட்டிலில் 'குளிர்காலம்' என்று போட்டிருக்கிறது. நம்பமாட்டீர்கள். உங்கள் வண்டி ஆயில் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். 20டபிள்யூ-40 என்று இருக்கும். அந்த டபிள்யூ இருக்கிறதே, அது விண்டர். இருபது வருஷமாக நான் அதை 'வெயிட்' என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆபீஸ் சூப்பரின்டெண்ட் 'வாட்' என்றார். பல்பு வாங்கப் போனவர் மாதிரி.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்த கதை கொஞ்சம் செலவு பிடித்த கதை.

அப்பா மில்லில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். 1996-ல் வாங்கிய நூறு சிசி, நாலு ஸ்ட்ரோக் வண்டி ஒன்று வைத்திருக்கிறார். (கம்பெனி பெயர் எதற்கு, தப்பு நம்முடையது.) கண்ணில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் ஓட்டுவதில்லை. ஆனால் துடைப்பார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆயில் ஸ்டிக்கை உருவி, துணியில் துடைத்து, திரும்பச் செருகி, எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எங்களுக்கு ஜுரம் வந்தபோதுகூட அவ்வளவு கவனமாக தெர்மாமீட்டரைப் பார்த்ததில்லை.

போன வருஷக் கடைசியில் தம்பிக்குக் கொடைக்கானலுக்கு மாற்றல். ரூமிலிருந்து ஆபீஸுக்கு நாலு கிலோமீட்டர், வண்டி வேண்டும். புது வண்டி வாங்க இப்போது பணமில்லை. அப்பா ரெண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், "கொண்டு போ. எஞ்சினுக்கு ஏதாச்சும் ஆச்சு, வீட்டுக்கு வராதே" என்று சாவியைக் கொடுத்தார்.

கொடைக்கானல் ஏழாயிரம் அடி உயரம். ஜனவரி ராத்திரியில் 8 டிகிரி சர்வசாதாரணம், சில நாள் அதற்கும் கீழே போகும். 'பழைய வண்டி, குளிர் ஊர், எந்த ஆயில் போடலாம்?' - ஆயில் செலக்‌ஷன் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். ரெண்டு நாள் படித்தேன். அரைகுறையாக.

படித்தது இதுதான். அமெரிக்காவில் எஸ்.ஏ.இ. என்று மோட்டார் இன்ஜினீயர்கள் சங்கம் ஒன்று இருக்கிறது. 1911-லேயே எஞ்சின் ஆயிலுக்கு நம்பர் போட ஆரம்பித்தவர்கள். பாட்டிலில் இருக்கிற ரெண்டு நம்பரில் பின்னால் வருவது - 30, 40, 50 - ஆயில் நன்றாகச் சூடேறி 100 டிகிரியில் இருக்கும்போது எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்வது. நம்பர் கூடினால் கெட்டி கூடும். டபிள்யூவுக்கு முன்னால் வருகிற நம்பர் குளிருக்கு. ஆயிலை உறைபனியில் வைத்து, எஞ்சினைச் சுற்றவிடுகிறதா என்று சோதிக்கிறார்கள். 20டபிள்யூ ஆயில் மைனஸ் 15 டிகிரியில் பாஸ் ஆகவேண்டும். 10டபிள்யூவுக்கு மைனஸ் 25. 5டபிள்யூவுக்கு மைனஸ் 30. ஆக முன் நம்பர் குறையக் குறைய, குளிரில் ஆயில் சுறுசுறுப்பாக ஓடும்.

புரியவில்லையென்றால் பாத்ரூம் அலமாரியைப் பாருங்கள். ஜனவரியில் நம் மதுரையிலேயே தேங்காயெண்ணெய் பாட்டிலில் வெள்ளையாக உறைந்துவிடும். 24 டிகிரிக்குக் கீழே வந்தாலே அதற்குப் பிடிக்காது. பக்கத்தில் இருக்கும் நல்லெண்ணெய் தேமே என்று தண்ணியாக இருக்கும். ரெண்டையும் அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் வித்தியாசம் தெரியாது. குளிரில்தான் குணம் தெரிகிறது. எஞ்சின் ஆயில் தேங்காயெண்ணெய் மாதிரி சட்டென்று கட்டியாகாது, தேன் மாதிரி மந்தமாகும்.

இதைப் படித்துவிட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. முன் நம்பர் சின்னது நல்லது. அப்படியானால் இருப்பதிலேயே சின்னது வாங்குவோம். கடையில் 5டபிள்யூ-30, முழு சிந்தெடிக், தங்கக் கலர் டப்பா. விலையைக் கேட்டதும் மரியாதை வந்துவிட்டது. வாங்கிக்கொண்டு எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் போனேன்.

அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது கார் ஆயிலு."

"ஆயில் ஆயில்தானேண்ணே?"

"பழைய வண்டிக்கு எப்பவும் திக்காத்தான் போடணும். இது தண்ணியா இருக்கு."

"அண்ணே, கொடைக்கானல் குளிருண்ணே. இது மைனஸ் முப்பது வரைக்கும் தாங்கும்."

"கொடைக்கானலா, காஷ்மீரா?" என்றார். பிறகு, 'படிச்ச பய சொல்றான்' என்கிற முகத்தோடு ஊற்றிவிட்டார்.

அடுத்த நாள் தம்பி ஓட்ட, பின்னால் நான், மடியில் ஒரு பை, முதுகில் ஒரு பை. வத்தலகுண்டு வரை ராஜா மாதிரி வந்தது. மலை ஏற ஆரம்பித்து டம்டம் பாறையைத் தாண்டினோம். தம்பி ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறான், எஞ்சின் 'ஊ'வென்று அலறுகிறது, வண்டி மட்டும் எருமை மாடு போல நகர்கிறது. அடுத்த வளைவில் அதுவும் இல்லை. முதல் கியரில் சத்தம் மட்டும்தான். தீய்ந்த வாசனை வேறு.

பூம்பாறைக்குப் பூண்டு ஏற்றப் போன காலி மினி வேன்காரர் ஒருவர் புண்ணியத்தில், அப்பாவின் வண்டி படுத்துக்கொண்டே கொடைக்கானல் போய்ச் சேர்ந்தது.

மூஞ்சிக்கல் பக்கம் ஒரு மெக்கானிக். ஸ்வெட்டருக்குமேல் கோட்டு. வண்டியை ஒரே ஒரு தடவை நகர்த்திப் பார்த்துவிட்டு, "என்ன ஆயில் ஊத்துனீங்க?" என்று கேட்டார். சொன்னேன். சிரிக்கவில்லை, அதுவே பெரிய மனசு.

விஷயம் இதுதான். காரில் எஞ்சின் ஆயில் எஞ்சினுக்கு மட்டும். க்ளட்ச் தனியாக, காய்ந்து இருக்கும். நம் கியர் பைக்கில் எஞ்சின், கியர், க்ளட்ச் மூன்றும் பெரும்பாலும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. கார் ஆயில்கள் பலவற்றில், முக்கியமாக இந்த மாதிரித் தண்ணீர் ஆயில்களில், பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று வழுக்கும் சரக்கு கூடுதலாகச் சேர்க்கிறார்கள். எஞ்சினுக்கு அது பாயசம். க்ளட்ச் பிளேட்டுகளுக்கோ ஒன்றையொன்று இறுக்கிப் பிடிப்பதுதான் உத்தியோகமே. அங்கே போய் வழுக்கவிட்டால்? வழுக்கின. பிளேட் கருகியது.

பைக்குக்கான ஆயில் என்று அடையாளம் காட்டவே தொண்ணூறுகளின் கடைசியில் ஜப்பான்காரர்கள் 'ஜாஸோ எம்.ஏ.' என்று ஒரு முத்திரை கொண்டுவந்தார்கள். கியர் பைக் வைத்திருக்கிறவர்கள் பாட்டிலில் முதலில் தேடவேண்டியது நம்பரை விட அதைத்தான். 'எம்.பி.' என்று இருந்தால் அது கியரில்லாத ஸ்கூட்டருக்கு. அதற்குக் க்ளட்ச் ஆயிலில் இல்லை, வழுக்கினால் நல்லதே. (பழைய ரெண்டு ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்காரர்கள் இந்தப் பஞ்சாயத்துக்கே வரவேண்டாம். உங்களது பெட்ரோலோடு கலந்து புகையாகப் போகிற ஆயில். கியர் பெட்டிக்கு வேறே.)

பழைய ஆயிலை வடித்து, புது பிளேட் போட்டு, 20டபிள்யூ-40 ஜாஸோ எம்.ஏ. ஊற்றி, கூலியோடு ஆயிரத்து எழுநூறு ரூபாய். "அப்பாகிட்ட சொல்லாதேண்ணே" என்றான் தம்பி. நான் எங்கே சொல்வேன்.

கதை முடியவில்லை. மறுநாள் காலை ஏழு மணி. ஏரிமேல் பனி புகைகிறது. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. முப்பது உதை நான், முப்பது உதை தம்பி. கிக்கர் வேறு கனமாக இறங்குகிறது. "பாத்தியா, 20டபிள்யூ குளிருக்கு ஆகாதுன்னு சொன்னேன்ல?" என்றேன் வெற்றிகரமாக. மறுபடி மூஞ்சிக்கல்.

அவர் குனிந்து கார்புரேட்டரைப் பார்த்தார். "சோக் கேபிளே இல்லையே சார்!"

திருப்பரங்குன்றத்தில் எவன் சோக் இழுத்தான்? எந்தக் காலத்திலோ அது அறுந்து, 'நம்ம ஊருக்கு எதுக்கு' என்று நம் அண்ணன் கழற்றிக் கடாசியிருக்கிறார். குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. கலவையில் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். அதற்குத்தான் சோக். கேபிள் மாட்டினார், ப்ளக்கைத் துடைத்தார், மூன்றாவது உதையில் வண்டி பேசியது. 8 டிகிரிக்கு 20டபிள்யூ தாராளமாகத் தாங்கும் சார், அது தேர்வு எழுதினதே மைனஸ் 15-ல். ஸ்டார்ட் ஆகாத பழியை ஆயில் மேல் போட்ட அறிவாளி நான்.

நிஜமாகவே ஆயில் வில்லனாகிற ஊர்கள் உண்டு. கனடாவில் வின்னிபெக் போன்ற ஊரில் ஜனவரியில் மைனஸ் 30-ஐத் தொடும். அங்கே கார் முன்பக்கம் ஒரு ப்ளக் தொங்கும். ராத்திரி அதை பாயிண்டில் செருகி எஞ்சினைச் சூடாகவே வைத்திருக்கிறார்கள். லடாக்கில் டீசலே உறைந்துபோகிறது என்று 2019-ல் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரி வரை ஓடுகிற குளிர்கால டீசலைத் தனியாகக் கொண்டுவந்தது. அங்கெல்லாம் 5டபிள்யூ, 0டபிள்யூ கேட்பதில் நியாயம் இருக்கிறது. டம்டம் பாறைக்கு அது கொஞ்சம் ஓவர்.

அதற்காக நம்மூரில் முன் நம்பர் வெறும் அலங்காரம் என்றும் சொல்லமாட்டேன். 100 டிகிரியில் இருக்கிறதைவிட அதே 20டபிள்யூ-40, 40 டிகிரியில் ஒன்பது பத்து மடங்கு கெட்டி. 8 டிகிரியில் கேட்கவே வேண்டாம். கெட்டி ஆயில் மேலே போய்ச் சேருவதற்குள் எஞ்சின் கொஞ்ச நேரம் அரைப்பட்டினியாகச் சுற்றுகிறது. தேய்மானம் அந்த நேரத்தில்தான். காலையில் ஸ்டார்ட் ஆன உடனே 'ட்ர்ர்ர்ர்'ரென்று முறுக்கித் தெருவையே எழுப்புகிறவர்கள் இதைக் கவனிக்கவும். அரை நிமிஷம் சும்மா ஓடவிட்டு, முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் மெதுவாகப் போனால் போதும்.

சரி, எங்கள் அண்ணன் சொன்ன 'பழைய வண்டிக்குத் திக்கு'? பாதி சரி. தேய்ந்த எஞ்சினில் இடுக்குகள் அகன்றிருக்கும். மெல்லிய ஆயில் அதில் நழுவி எரிந்து நீலப் புகையாக வரும். பின் நம்பரை 30-க்கு இறக்கினால் இந்தத் தொல்லை. ஆனால் அந்தத் 'திக்கு' சூட்டில் இருந்தால் போதும், குளிரில் தேவையில்லை. கடைசியில் மூஞ்சிக்கல்காரர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது: "பின்னாடி நம்பர் 40-ஐத் தொடாதீங்க. கிக்கர் லேசாகணும்னா அடுத்த தடவை முன்னாடி நம்பரை மட்டும் குறைச்சு 10டபிள்யூ-40 போடலாம். அதுலயும் எம்.ஏ. பார்த்து." வீட்டுக்கு வந்து வண்டியோடு கொடுத்த புஸ்தகத்தைத் தேடினேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பீரோவில் தூங்கியது. தெர்மாமீட்டர் படம் போட்டு, எந்தக் குளிருக்கு எந்த ஆயில் என்று பட்டை பட்டையாக அச்சடித்திருக்கிறான். ரெண்டு நாள் படித்த நான் அதைப் படிக்கவில்லை.

இன்னொன்று. ஆயில் மாற்றியதும் காலி பாட்டிலைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். ஓட்டை போட்டுவிட்டு வாருங்கள். வடித்த பழைய ஆயில் வடிகட்டப்பட்டு அதே பாட்டிலில் மறுஜென்மம் எடுக்க வாய்ப்பு உண்டு.

பொங்கலுக்குத் தம்பி வண்டியிலேயே இறங்கி வந்தான், 10டபிள்யூ-40 போட்டுக்கொண்டு. அவனியாபுரம் ஜல்லிக்கட்டுக்குப் போகிற கூட்டத்தில் நுழைந்து நெளிந்து வீடு வந்து சேர ஒரு மணி நேரம். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மகனை 'வா' என்றுகூடச் சொல்லவில்லை. "எஞ்சினை ஆஃப் பண்ணாதே" என்றார்.

கிட்டே வந்து காதைக் கொடுத்தார். க்ளட்சைப் பிடித்து, விட்டு, பிடித்து, விட்டுப் பார்த்தார். ஆஃப் பண்ணச் சொல்லி, ஆயில் ஸ்டிக்கை உருவி வெளிச்சத்தில் பார்த்தார். புதுசாகத் தொங்கிய சோக் கேபிளை விரலால் சுண்டினார்.

"பிளேட் எப்ப மாத்துனீங்க?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் கோலத்தைப் பார்த்தேன்.

"வடிச்ச ஆயிலைக் கொண்டாந்தீங்களா? கேட் கீல் ரெண்டு மாசமா கத்துது" என்றார் அப்பா.