இரண்டுங்கெட்டான் வயது

"தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன்" என்பது பழமொழி. தோள் உயரம் வளர்வதற்கும் தோழன் ஆவதற்கும் நடுவே ஐந்தாறு வருஷம் கிடக்கிறதே, அதற்கு என்ன பெயர்? இரண்டுங்கெட்டான் வயது! தெருப் பொடியன்களோடு ஆடினால், "கழுதை வயசாச்சு, இன்னும் என்ன விளையாட்டு?" என்கிறாள் பாட்டி. பெரியவர்கள் பேச்சில் வாய் திறந்தால், "உனக்கென்னடா தெரியும்?" என்கிறார் அப்பா. பெண்ணானால் கேட்கவே வேண்டாம். மஞ்சள் நீராட்டுக்கு ஊரைக் கூட்டுகிறார்கள்; மறுநாளே, "வாசலில் நிற்காதே" என்கிறார்கள்.

இந்தப் பருவத்தைத் தனியாக ஆராயும் சாஸ்திரம் அவ்வளவு பழையதல்ல. அமெரிக்க மனோதத்துவ அறிஞர் ஸ்டான்லி ஹால் 1904-ல் இரண்டு பாகங்களில் ஒரு நூல் வெளியிட்டு, இது புயலும் கொந்தளிப்புமான காலம் என்றார். 1928-ல் மார்கரெட் மீட் என்ற பெண்மணி, ஸமோவா தீவுப் பெண்களைப் பார்த்துவிட்டு, புயல் வயதில் இல்லை, வளர்க்கிற சமூகத்தில் இருக்கிறது என்று வாதாடினார். அவர் முடிவுகளுக்குப் பின்னால் பலத்த மறுப்பும் கிளம்பியது.

இதற்காகச் சென்னைவாசி ஸமோவா வரை போக வேண்டாம். திரு.வி.க. பாலத்தைத் தாண்டி அடையாற்றுக்குப் போனால் போதும். 1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பின் பேரில் இத்தாலிய அம்மையார் மரியா மாண்டிஸோரி அங்கே வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 69. சுமார் 300 பேருக்குப் பயிற்சி அளித்தார். யுத்தம் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். மாண்டிஸோரி என்ற பெயர்ப்பலகையை இன்று மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் தேடி அலைய வேண்டியதில்லை.

இதில் ஒரு விசித்திரம். அம்மையார் மூன்று வயதுக் குழந்தையோடு நின்றுவிடவில்லை. 12 முதல் 18 வரையுள்ள பருவத்தைப் பற்றியும் எழுதினார். 1948-ல் அது நூலாக வந்தது. உடம்பு மளமளவென்று வளரும் அந்த நாளில் பிள்ளை, பிறந்த சிசுவைப் போல நலிவுக்கு ஆளாகும். புத்தகச் சுமையைக் குறையுங்கள். நிலத்தில் பாடுபடட்டும், கடை வைத்து நடத்தட்டும், சொந்தக் கையால் நாலு காசு சம்பாதித்து, தனக்கும் சமூகத்தில் ஓர் இடம் உண்டென்று உணரட்டும் என்பது அவர் கட்சி. குழந்தைக்குச் சொன்னதைக் கேட்ட நகரம், குமரனுக்குச் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நடப்பது என்ன? விடியற்காலை ஐந்து மணிக்கு ட்யூஷன், பிறகு பள்ளிக்கூடம், மாலையில் கோச்சிங், வீடு திரும்பினால் நள்ளிரவு வரை படிப்பு. இந்தப் பிராயத்தில் தூக்கம் வரும் நேரம் இயற்கையாகவே தள்ளிப்போகிறது என்றும், 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்றும் வைத்தியர்கள் சொல்கிறார்கள். வீட்டிலோ அவனுக்குச் சோம்பேறிப் பட்டம்!

"மார்க் இல்லாவிட்டால் ஸீட் யார் கொடுப்பார்கள்?" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சம்பளக்காரக் குடும்பத்துக்குப் படிப்பே சொத்து. ஆனால், பரீட்சை முடிவு வெளியாகும் நாளில் சில வீடுகளில் பிள்ளையையே பறிகொடுத்துவிடுகிறார்களே, அதற்கு எந்த ஸீட் ஈடாகும்? டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய 'ஸ்நேகா' ஸ்தாபனம், தவறியவர்கள் உடனே மறுபரீட்சை எழுத வழி வேண்டும் என்று வற்புறுத்தியது. இப்போது தமிழ்நாட்டில் அந்த வழி உண்டு. ஒரு வருஷம் வீணாவதில்லை. முதல், இரண்டாம், மூன்றாம் இடம் என்று பெயர் அறிவிக்கும் வழக்கத்தையும் 2017-ல் அரசு கைவிட்டது. வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. மாற வேண்டியவர்கள் பெரியவர்களே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சர்க்கார் செய்ததை வீடும் செய்யலாம். மகனிடம் மாதத்தில் ஒருநாள் குடும்ப வரவு செலவுக் கணக்கை நீட்டி யோசனை கேளுங்கள். மகளை மின்சார பில் கட்ட அனுப்புங்கள். மாலையில் ஒரு மணி நேரம் நாகேஸ்வரராவ் பூங்காவிலோ சோமசுந்தரம் மைதானத்திலோ, யாரும் கண்காணிக்காமல் இருக்க விடுங்கள். தவறு செய்வார்கள்; செய்யட்டும். ஐம்பது ரூபாய்க் கணக்கில் தவறிக் கற்றவன், பின்னால் ஐம்பதாயிரத்தில் தவறமாட்டான்.

தோளுக்கு மேல் வளரட்டும், அப்புறம் தோழனாக்கிக் கொள்ளலாம் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தோளுக்குச் சமமாக நிற்கும்போது உதறிய கை, பிறகு தேடினாலும் கிடைப்பது அரிது.