1962-ஆம் வருட மின்சாரம்

மின்வலை எவ்வளவு அடி தாங்கும் என்று ஆராயும் கட்டுரைகளைப் புரட்டிப் பாருங்க. ‘ஐஇஇஇ 118’ என்றொரு மாதிரி திரும்பத் திரும்ப வரும். 1962 டிசம்பரில் அமெரிக்க மத்திய மேற்கில் இருந்த வலையின் ஒரு துண்டு அது. இன்றைய சைபர் தாக்குதலையும் அதன்மேல்தான் ஏவிப் பார்க்கிறார்கள்.

ஆய்வாளர்களைச் சொல்லிக் குற்றமில்லை. 2001 செப்டம்பருக்குப் பிறகு அங்கே நிஜ வலையின் விவரங்களைப் பூட்டிவிட்டார்கள். எதிரிக்குத் தெரிந்துவிடுமாம். சரி, வரைபடத்தைப் பூட்டுங்கள். ஆனால் 2003 ஆகஸ்ட் 14 அன்று ஐந்து கோடிப் பேர் இருட்டில் கிடந்ததற்கு, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒன்றும் காரணம். ஓஹையோவில் ஒரு கட்டுப்பாட்டு அறையின் அலாரம் மென்பொருள் செத்துப்போனது; செத்ததே அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. (நம்ம பாஷையில், ரேஸ் கண்டிஷன்.) வலை விழுந்ததால் விசாரணை வந்தது, நமக்கும் தெரிந்தது. விழாமல் தப்பிய நாட்களின் கதை?

விமானத்துறையில் மயிரிழையில் தப்பிய சம்பவங்களை 1976-லிருந்து நாசா வாங்கி, பெயர்களை நீக்கி, யாரும் படிக்கும்படி வைக்கிறது. மின் நிறுவனங்களும் அதைச் செய்யட்டும். வரைபடம் வேண்டாம், பெயரும் வேண்டாம். அன்று என்ன ஆனது என்பது போதும்.